ஒரு பல்லும் இல்லாத வாய்க்கு இம்ப்ளாண்ட் பல்: எதை முதலில், எதை அப்புறம்

பல் முழுவதும் போனபின் இம்ப்ளாண்ட் பற்றி விசாரிக்க வருபவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை போடணும் டாக்டர்?" என்பதுதான். அதற்கான விடை ஐந்தாவது படியில்தான் கிடைக்கும். பல் முகத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பல்லைத் தாங்க எங்கெங்கே இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் திருகு, தேவை என்று பின்னோக்கி வர வேண்டும். இந்த வரிசை மாறினால், எலும்பு கிடைத்த இடத்தில் திருகைப் போட்டுவிட்டு அதன்மேல் பல்லை எப்படியாவது உட்கார வைக்கும் வேலையாகிவிடும். செயற்கைப்பல் மருத்துவராக என்னிடம் திருத்தத்துக்கு வரும் வேலைகளில் பல இப்படி வரிசை மாறியவைதான்.

சிகிச்சை பெறப்போகிறவருக்கும் அவரைக் கூட்டி வரும் மகன், மகள், மருமகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நாற்காலியில் உட்காருபவரைவிடக் கூட வருபவர்தான் பல சமயம் கேள்வி கேட்கிறார், கணக்குப் பார்க்கிறார்.

1. மருந்துகளை எல்லாம் ஒரே பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்

வாய்க்குள் பார்ப்பதற்கு முன் உடம்பைப் பார்க்க வேண்டும். இம்ப்ளாண்ட் என்பது டைட்டானியத் திருகு. எலும்பு அதன்மீது வளர்ந்து பிடித்தால்தான் அது நிற்கும். எலும்பு ஆறுவதைக் கெடுக்கும் எதுவும் இந்தச் சிகிச்சையைக் கெடுக்கும்.

சர்க்கரை நோய் இருந்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை எடுத்து வாருங்கள். அன்று காலை எடுத்த சர்க்கரை அளவு மட்டும் போதாது. வருவதற்கு முன் இரண்டு நாள் வாயைக் கட்டினாலே அது இறங்கிவிடும். சராசரி 7-க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதியாகத் தொடங்கலாம். 8-ஐத் தாண்டினால் முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வருவதுதான் வேலை.

இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் "பல் ஆபரேஷன் ஆச்சே" என்று தாங்களாகவே நிறுத்திவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஈறில் வரும் இரத்தக் கசிவைத் தையலாலும் அழுத்தத்தாலும் நிறுத்திவிடலாம். இதயத்தில் வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையைத் தொடர்வதா, மாற்றுவதா என்பதை இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதிகம் பேர் சொல்ல மறப்பது எலும்புத் தேய்மான மருந்து. வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை, ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி ஆகியவை தினசரி மருந்துப் பட்டியலில் வராததால் நினைவுக்கு வருவதில்லை. இந்த மருந்துகள் எடுப்பவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு. எலும்புத் தேய்மானத்துக்கான அளவில் அது குறைவு. புற்றுநோய்க்காக அதிக அளவில் எடுப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதால், அவர்களுக்கு இந்த அறுவையைப் பொதுவாகத் தவிர்த்துவிடுவோம். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் அதையும் சொல்லுங்கள்.

அடுத்து புகையிலை. சிகரெட், பீடி, ஹான்ஸ், புகையிலையோடு போடும் வெற்றிலை எல்லாமே ஈறுக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் ஆறும் வேகத்தையும் குறைக்கின்றன. பாக்கு நெடுநாள் மென்றவர்களுக்கு இன்னொரு தொல்லை சேரும். கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி வாய் திறப்பதே குறைந்துவிடும். உங்கள் மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் கருவியும் நுழையாது. அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

2. கழற்றும் பல்லா, கழற்றாத பல்லா என்பதை இங்கேயே தீர்மானியுங்கள்

இம்ப்ளாண்ட் போட்டால் பல் நிலையாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு வகை உண்டு.

ஒன்று, ஓவர்டென்சர். இரண்டு முதல் நான்கு இம்ப்ளாண்டுகளின் தலையில் பொத்தான் போன்ற பிடிப்பான் இருக்கும். பல்செட் அதன்மேல் 'டக்'கென்று அழுந்தி நிற்கும். இரவில் நீங்களே கழற்றிக் கழுவலாம். இன்னொன்று நான்கு முதல் ஆறு இம்ப்ளாண்டுகளின்மேல் மருத்துவர் திருகிவிடும் ஒரே துண்டான பல்வரிசை. அதை நீங்கள் கழற்ற முடியாது.

கீழ்த்தாடை பல்செட் ஆடுவது மட்டும்தான் உங்கள் தொல்லை என்றால், முன்பக்கம் இரண்டு இம்ப்ளாண்ட் போட்டு ஓவர்டென்சர் செய்வதே போதுமானது. 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டிய சிகிச்சை இதுதான் என்றார்கள். பலருக்கு மேல்தாடை பல்செட் அண்ணத்தில் ஒட்டி நன்றாகவே நிற்கும். அதைத் தொடவே வேண்டாம். இதை யாரும் சொல்லாததால் இரண்டு தாடைக்கும் லட்சங்களைச் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள். மேல்தாடைக்கு ஓவர்டென்சர் வேண்டுமென்றால் பொதுவாக நான்கு தேவை. அங்கே எலும்பு மென்மையானது, இரண்டு தாங்காது.

முடிவு செய்யப் பணத்தைவிட முக்கியமான ஒன்று கை. நிலையான பல்லின் அடியில் தினமும் பிரஷை நுழைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். கை நடுக்கம், பக்கவாதம், மங்கிய பார்வை, மறதி இருப்பவர்களுக்குக் கழற்றிக் கழுவும் பல்தான் நல்லது. படுக்கையில் விழுந்தாலும் பிள்ளைகள் அதை எடுத்துக் கழுவிப் போடலாம். எழுபது வயதில் முடிவெடுக்கும்போது எண்பது வயதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

3. நல்ல பல்செட் ஒன்றை முதலில் செய்துகொள்ளுங்கள்

அதிகம் பேர் தாண்டிப் போக விரும்பும் படி இது. "நிலையான பல்லே கட்டப் போறோமே, இடையில பல்செட்டுக்கு எதுக்குச் செலவு?" என்று கேட்பார்கள். உண்மையில் பல்செட்தான் முழு வேலைக்கும் வரைபடம்.

பல் போனபின் எலும்பு கரைகிறது. மேல்தாடை உள்நோக்கிச் சுருங்குகிறது, உதடு உள்ளே விழுகிறது, மூக்குக்கும் தாடைக்கும் நடுவே உள்ள உயரம் குறைகிறது. அதனால் இன்றைக்கு எலும்பு இருக்கும் இடம், முன்பு பல் இருந்த இடம் அல்ல. பல் எங்கே இருக்க வேண்டும் என்பதை முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அதற்கு மெழுகில் பல்லை அடுக்கி வாயில் வைத்துப் பார்க்கிறோம்.

மெழுகுப் பல்லை வைத்துப் பார்க்கும் அன்று அவசரப்படாதீர்கள். வீட்டு ஆள் ஒருவர் உடன் இருக்கட்டும். பல் இருந்த காலத்துக் கல்யாண போட்டோ ஒன்றையும் கொண்டு வாருங்கள். சத்தமாகப் பேசிப் பாருங்கள். 'வ', 'ஃப' சொல்லும்போது மேல் முன்பல்லின் நுனி கீழ் உதட்டை மெல்லத் தொட வேண்டும். 'பஸ் ஸ்டாண்டு' என்று சொன்னால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் மோதக் கூடாது, காற்றும் விசில் அடிக்கக் கூடாது. பல் தெரியச் சிரித்துப் பாருங்கள். இறுதிப் பல்லின் இளஞ்சிவப்பு ஈறுப் பகுதி உங்கள் சொந்த ஈறைச் சந்திக்கும் கோடு, சிரிக்கும்போது உதட்டுக்குள் மறைந்திருக்க வேண்டும்.

மேல்தாடையில் இன்னொரு சோதனை உண்டு. பல்செட்டின் முன்பக்க இளஞ்சிவப்பு விளிம்பு இல்லாமல் ஒரு நகல் செய்து வாயில் வைத்துப் பக்கவாட்டில் முகத்தைப் பாருங்கள். உதடு குழி விழுந்தால், அந்த விளிம்புதான் உதட்டைத் தாங்கி நிற்கிறது என்று பொருள். நிலையான பல்லில் அந்த விளிம்பை வைக்க முடியாது, வைத்தால் அடியில் பிரஷ் நுழையாது. அப்படிப்பட்டவருக்குக் கழற்றும் பல் முகத்துக்கு நன்றாக இருக்கும். இந்த உண்மை திருகு போட்டபின் தெரியவந்தால் வழி கிடையாது.

இந்தப் பல்செட்டை ஒரு மாதமாவது போட்டுச் சாப்பிடுங்கள். தாடை புது உயரத்துக்குப் பழகிவிட்டதா என்பது அதில் தெரிந்துவிடும். சிலருக்கு இதுவே போதும் என்றாகி இம்ப்ளாண்ட் யோசனையே நின்றுவிடும். அதுவும் நல்ல முடிவுதான்.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றால், சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் செயற்கைப்பல் துறை இருக்கிறது. வர வேண்டிய தடவைகள் அதிகமாகலாம், ஆனால் பேராசிரியர் மேற்பார்வையில் வேலை நடக்கும்.

4. பல்செட்டோடு சேர்த்து ஸ்கேன் எடுங்கள்

தாடை முழுவதையும் தட்டையாகக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே இதற்குப் போதாது. எலும்பின் உயரம் அதில் தெரியும், அகலம் தெரியாது. முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் வேண்டும்.

பல்செட்டில் எக்ஸ்ரேயில் தெரியும் சிறு புள்ளிகளை ஒட்டி, அதைப் போட்டுக்கொண்டு ஒருமுறையும் பல்செட்டைத் தனியாக வைத்து ஒருமுறையும் ஸ்கேன் எடுப்பார்கள். கணினியில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் எலும்பும், மேலே பல் நிற்க வேண்டிய இடமும் ஒரே படத்தில் கிடைக்கும். வெறும் வாயோடு எடுத்த ஸ்கேனில் எலும்பு மட்டும்தான் இருக்கும். அதை வைத்துத் திட்டமிடுவது பாதித் தகவலை வைத்துத் திட்டமிடுவது.

பல்செட் போட்டிருக்கும்போது அசையாமல் பற்களைக் கடித்தபடி இருங்கள். பல்செட் ஈறைவிட்டுக் கொஞ்சம் தூக்கினாலும் கணக்கு முழுவதும் தவறும்.

5. இப்போதுதான் எத்தனை, எங்கே என்ற கணக்கு

ஸ்கேனில் மூன்று விஷயங்கள் பார்க்கிறோம். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு, மேல்தாடைக்கு மேலே உள்ள சைனஸ் அறை, எலும்பின் அகலம். நரம்பிலிருந்து குறைந்தது 2 மி.மீ. விலகியிருக்க வேண்டும். அது அடிபட்டால் கீழ் உதடும் முகவாயும் மரத்துப்போகும். சிலருக்கு அது நிரந்தரமாகவே தங்கிவிடும். 4 மி.மீ. பருமனுள்ள திருகுக்குச் சுமார் 6 மி.மீ. அகல எலும்பு வேண்டும்.

பின்பக்க எலும்பு கரைந்திருந்தால் பின்னிரண்டு இம்ப்ளாண்டுகளை 30 முதல் 45 டிகிரி வரை சாய்த்துப் போடுகிறோம். 'ஆல் ஆன் ஃபோர்' என்று விளம்பரங்களில் வருவது இதுதான். சாய்ப்பதால் சைனஸையும் நரம்பையும் தொடாமல் நீளமான திருகு போட முடிகிறது. அதன் தலையும் பின்னால் வந்து கடைவாய்ப் பல்லுக்கு அருகில் ஆதாரம் தருகிறது. கடைசி இம்ப்ளாண்டைத் தாண்டிப் பல்வரிசை எவ்வளவு நீள்கிறது என்பது முக்கியம். கடைசிக் காலைத் தாண்டி நீளும் பந்தல் மூங்கிலின் நுனியில் பாரம் ஏறினால் என்ன ஆகுமோ, அதுவேதான் இங்கும். அதனால்தான் நிலையான பல்வரிசையில் பெரும்பாலும் 12 பற்கள்தான் வைக்கிறோம். 14 கேட்டு வற்புறுத்தாதீர்கள்.

பல் உயரத்துக்கான இடமும் வேண்டும். ஈறிலிருந்து எதிர்த்தாடைப் பல்வரை, ஒரு தாடைக்கு நிலையான பல்வரிசைக்குச் சுமார் 15 மி.மீ. வேண்டியிருக்கும். இடமில்லாமல் மெல்லியதாகச் செய்த பல் உடையும். பல் போய்ச் சில மாதமே ஆனவர்களுக்கு எலும்பு உயரமாக இருப்பதால் இந்த இடம் கிடைக்காது. அப்போது அறுவையின்போது எலும்பின் மேல்விளிம்பைச் சற்றுச் செதுக்க வேண்டிவரும். "நல்ல எலும்பை எதற்கு வெட்டுகிறார்கள்?" என்று பயப்பட வேண்டாம், காரணத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. செலவுத் தாளை எழுத்தில் வாங்குங்கள்

ஒரு இம்ப்ளாண்டுக்கு இவ்வளவு என்று விலை கேட்பது பயனற்றது. கீழ்க்கண்டவை தாளில் தனித்தனியாக இருக்க வேண்டும்: இம்ப்ளாண்ட் கம்பெனியும் எண்ணிக்கையும், அதன்மேல் வரும் இணைப்புத் துண்டுகள், தற்காலிகப் பல், இறுதிப் பல்லும் அது எந்தப் பொருளில் என்பதும், ஒரு இம்ப்ளாண்ட் பிடிக்காமல் போனால் மறுபடி போட யார் செலவு என்பது.

'மூன்று நாளில் நிலையான பல்' என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள், அந்த மூன்றாம் நாள் பல் தற்காலிகமா இறுதியா என்று கேளுங்கள். பல இடங்களில் தற்காலிகப் பல்லோடு கணக்கு முடிந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து இறுதிப் பல்லுக்கு வேறு தொகை சொல்கிறார்கள்.

7. அறுவை நாள்

மரப்பு ஊசியில் செய்வதென்றால் வெறும் வயிற்றில் வராதீர்கள். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டு வந்தால் நாற்காலியிலேயே மயக்கம் வரும். மயக்கமருந்து கொடுத்துச் செய்வதென்றால் மயக்கமருந்து நிபுணர் சொல்லும் பட்டினி நேரத்தைக் கடைப்பிடியுங்கள்.

அன்றே பல் கிடைக்குமா என்பது திருகு எவ்வளவு இறுக்கமாக எலும்பில் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. பொதுவாக 35 நியூட்டன் சென்டிமீட்டர் இறுக்கம் வந்தால்தான் உடனடியாகத் தற்காலிகப் பல் பூட்டுவோம். வராவிட்டால் ஈறை மூடித் தைத்துவிட்டு, கீழ்த்தாடை என்றால் சுமார் மூன்று மாதம், மேல்தாடை என்றால் நான்கு முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இதை எந்த மருத்துவராலும் முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் மூன்றாம் படியில் செய்த பல்செட்டைத் தூக்கிப் போடக் கூடாது. சில நாள் கழித்து, அதன் உட்புறத்தைக் குடைந்து மென்மையான பூச்சுக் கொடுத்து, காத்திருக்கும் காலத்துக்கு அதையே போட்டுக்கொள்ளலாம்.

அறுவை முடிந்ததும் ஒவ்வொரு இம்ப்ளாண்ட் டப்பாவிலும் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி, பருமன், நீளம், தொகுப்பு எண் அதில் இருக்கும். பத்து வருடம் கழித்து, பல்லை இம்ப்ளாண்டோடு பூட்டும் சிறு திருகு ஒன்று தளர்ந்தால் அதற்குரிய சாவி எது என்பது அந்த ஸ்டிக்கரில்தான் தெரியும். மருத்துவர் ஊர் மாறியிருப்பார், மருத்துவமனையே மூடியிருக்கலாம். என்ன கம்பெனி என்றே தெரியாமல் வரும் இம்ப்ளாண்டுகளுக்கு உதவுவது மிகவும் கடினம்.

8. முதல் மூன்று மாதம்: வலி இல்லை என்பதால் முறுக்கு கடிக்காதீர்கள்

தோல்விகள் அதிகம் தொடங்குவது இந்தக் காலத்தில்தான். முதல் நாள் திருகு நிற்பது மரத்தில் ஆணி நிற்பதைப் போன்ற வெறும் இறுக்கத்தால். அடுத்த வாரங்களில் உடம்பு திருகைச் சுற்றியுள்ள அடிபட்ட எலும்பைக் கரைத்துப் புது எலும்பு போடுகிறது. பழையது கரைந்து புதியது முதிராத இடைவெளியில், சுமார் இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை, திருகின் பிடிப்பு முதல் நாளைவிடக் குறைவாக இருக்கும். வீக்கம் வடிந்து, வலி போய், "எல்லாம் சரியாகிவிட்டது" என்று தோன்றுவதும் அதே நாட்களில்தான்.

எனவே உணவு: முதல் சில நாள் ஆறிய கஞ்சி, மோர், பருப்புத் தண்ணீர், ராகிக் கூழ். அதன்பின் குழைந்த ரசம் சாதம், இட்லி, பாலில் ஊறிய இடியாப்பம், மசித்த காய், மீன், அவித்த முட்டை. நாக்கால் அண்ணத்தில் அழுத்தினால் நசுங்குவது எல்லாம் சரி. முறுக்கு, சீடை, கொய்யா, கரும்பு, எலும்புக்கறி, சப்பாத்தி வேண்டாம். முருங்கைக்காயை மென்று உறிஞ்சுவதும் வேண்டாம். விருந்தில் "ஒரே ஒரு வாய்" என்பார்கள், அன்போடு மறுத்துவிடுங்கள்.

தற்காலிகப் பல்லை இந்தக் காலத்தில் கழற்றச் சொல்லாதீர்கள். அது எல்லா இம்ப்ளாண்டுகளையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. அதில் விரிசல் விட்டால் மட்டும் அன்றே வாருங்கள். உடைந்த துண்டின் பாரம் முழுவதும் ஒரே திருகில் இறங்கும்.

9. இறுதிப் பல்

தற்காலிகப் பல்லோடு பழகிய மாதங்களில் தோன்றிய குறைகளை எழுதி வைத்திருங்கள். கன்னம் கடிபடுகிறது, 'ச' தடுமாறுகிறது, அடியில் சோறு மாட்டுகிறது, முன்பல் நீளம் என்று எதுவானாலும் இறுதி அளவெடுப்புக்கு முன்பே சொல்லுங்கள். அப்புறம் திருத்துவது மிகக் கடினம்.

அளவெடுத்தபின் மருத்துவர் இம்ப்ளாண்டுகளை இணைக்கும் ஒரு சட்டத்தை வாயில் வைத்துச் சரிபார்ப்பார். ஒரு முனையில் மட்டும் திருகை முறுக்கும்போது மறுமுனை தூக்கக் கூடாது. தூக்கினால் அளவு தவறு. எலும்பில் பதிந்த இம்ப்ளாண்ட் இயற்கைப் பல்லைப் போல நகர்ந்து கொடுக்காது. பொருந்தாத சட்டத்தை இறுக்கித் திருகினால் அந்த அழுத்தம் திருகிலேயே தங்கி, தளர்வதும் உடைவதும் பின்னால் நடக்கும். "இன்னொரு தடவை அளவெடுக்கணும்" என்று மருத்துவர் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள், கவனமாகச் செய்கிறார் என்று பொருள்.

பொருளில் இரண்டு முக்கிய வகை. உலோகச் சட்டத்தின்மேல் அக்ரிலிக் பல்: எடை குறைவு, உடைந்தால் சரிசெய்யலாம், ஆனால் தேயும், கறை பிடிக்கும். சிர்கோனியா என்ற பீங்கான் வகை: உறுதி, பளபளப்பு, கறை பிடிக்காது. உடைந்தால் பெரும்பாலும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். எதிர்த்தாடையில் சாதாரண பல்செட் இருப்பவருக்கு நான் அக்ரிலிக்கைத்தான் சொல்வேன். இரவில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் தூங்கும்போது பல்வரிசைமேல் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு உறை ஒன்றையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள்.

10. சுத்தமும் மறுபரிசோதனையும்

செயற்கைப் பல்லில் சொத்தை வராது. ஆனால் இம்ப்ளாண்டைச் சுற்றி ஈறு வீங்கி எலும்பு கரையும், பெரும்பாலும் வலியே இல்லாமல். எனவே இறுதிப் பல் பூட்டும் அன்றே, கண்ணாடி முன் உங்கள் கையால் சுத்தம் செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பல்லிடைப் பிரஷ் நுழையவில்லை என்றால், அடிப்பக்கத்தைத் திருத்தச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். தினம் இரவில் மெல்லிய பிரஷ், தடித்த பல்நூல், முடிந்தால் தண்ணீர் பீச்சும் கருவி. உமிக்கரி, உப்பு, சொரசொரப்பான பல்பொடி எதுவும் வேண்டாம். அவை அக்ரிலிக்கில் கீறல் போடும், கீறலில் அழுக்கு தங்கும்.

ஓவர்டென்சர் போட்டவர்கள் இரவில் கழற்றித் தண்ணீரில் வையுங்கள், வாயில் உள்ள பொத்தான்களையும் பிரஷால் தேயுங்கள். உள்ளே இருக்கும் நைலான் வளையம் தேயும் பொருள்தான். பிடிப்பு தளர்ந்தால் வளையத்தை மாற்றினால் சரியாகிவிடும், இம்ப்ளாண்ட் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரே. முதல் ஆண்டில் திருகைச் சுற்றி ஒன்று, ஒன்றரை மி.மீ. எலும்பு குறைவது வழக்கம். அதற்குப் பின் ஆண்டுக்கு 0.2 மி.மீ.-க்கு மேல் குறைந்துகொண்டே போனால் காரணம் தேட வேண்டும். முதல் எக்ஸ்ரேயின் நகலை ஸ்டிக்கர்களோடு ஒரே கோப்பில் வையுங்கள். ஒப்பிட அது இல்லாமல் இந்தக் கணக்கே போட முடியாது.

பல்வரிசை லேசாக ஆடுவது போலவோ, கடிக்கும்போது புதிதாக 'டிக்' சத்தம் கேட்பது போலவோ தோன்றினால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காதீர்கள். பல்லை இம்ப்ளாண்டோடு பூட்டும் சிறு திருகு தளர்ந்திருந்தால் அதை இறுக்குவது சிறு வேலை. அப்படியே சில வாரம் மென்றால் திருகு உள்ளேயே முறியும், அதை வெளியே எடுப்பது பெரிய வேலை.